ஜான் ஹன்டரின் இதயமும் ஜென்னரின் கேள்வியும்: கரோனரி தமனியைச் சூழ்ந்த கொழுப்பு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி ஆண், இறக்கும்போது வயது 65. லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் அறுவை மருத்துவர். குட்டையான, இறுகிய உடற்கட்டு. இரவில் நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் உறங்காதவர். 1769 முதல் கௌட் வாதத் தொல்லை. கடைசி இருபது ஆண்டுகளாக ஒயின் அருந்தவில்லை. முன்கோபி. நெடுங்காலமாக, மேடேறினாலும் மனம் பதறினாலும் வரும் நெஞ்சுவலி. 1793 அக்டோபர் 16 அன்று மருத்துவமனைக் கூட்டத்தில் நடந்த வாக்குவாதத்தின் நடுவே திடீர் மரணம்.

நோயாளியின் பெயரை மறைப்பது இத்தகைய ஆய்வுகளின் மரபு. இவரை மறைத்துப் பயனில்லை. மருத்துவம் படித்தவர்கள் இந்தக் குறிப்புகளை வைத்தே ஜான் ஹன்டர் என்று சொல்லிவிடுவார்கள். அவர் நோயைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. மீண்டும் அதைக் கையில் எடுப்பதற்குக் காரணம், அவருடைய மாணவர் எட்வர்ட் ஜென்னர் 1778 வாக்கில் எழுதிய கடிதத்தில் வரும் ஒரு வாக்கியம். பின்னாளில் பெரியம்மைத் தடுப்பூசியால் உலகப் புகழ் பெற்ற அதே ஜென்னர்தான். மார்பு நெரிப்பால் (ஆஞ்சைனா என்னும் இதய நெஞ்சுவலியால்) இறந்த ஒவ்வொருவரின் இதயத்திலும் கொழுப்பு அளவுக்கு மீறி அப்பியிருந்தது என்றும், இதயத் தசைக்கு இரத்தம் தரும் கரோனரி தமனிகள் அந்தக் கொழுப்புக்குள் முழுக்க மறைந்து கிடப்பதால் அவற்றின் கோளாறு கண்ணில் படாமல் போயிருக்கலாமோ என்றும் அதில் அவர் கேட்கிறார்.

கொழுப்பை ஒரு மறைப்பாக மட்டுமே ஜென்னர் பார்த்தார். அது நோயிலேயே பங்கு கொள்கிறது என்பதற்குச் சோதனைக்கூடச் சான்று கிடைக்க இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

நோயின் போக்கு

1773 வசந்த காலத்தில் முதல் தாக்குதல். வலி நெஞ்சில் வரவில்லை, மேல் வயிற்றில் வந்தது. நின்றும் உட்கார்ந்தும் படுத்தும் பார்த்தார், எந்த நிலையிலும் தணியவில்லை. அபினிக் கரைசலும் குடித்தார். தற்செயலாகக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தவருக்கு, உதடு வெளுத்துப் பிணம் போன்ற தோற்றம் தெரிந்தது. மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார்; நாடி இல்லை. வந்து பார்த்த மருத்துவர்களுக்கும் நாடி கிடைக்கவில்லை. அவர்களில் ஒருவர் அவருடைய அண்ணன் வில்லியம் ஹன்டர். இடையிடையே மூச்சு தானாக நின்றுபோவதைக் கவனித்து, முயன்று மூச்சை இழுத்து விட்டிருக்கிறார். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் இப்படியே கழிந்தது. தன் உடல் மரணத்தை நெருங்கும் வேளையிலும் குறிப்பெடுக்கும் மனம் அவருடையது. அந்த மனம் இல்லாதிருந்தால் இந்த விவரங்கள் நமக்குக் கிடைத்திருக்காது.

1777இல் உடல்நலம் தேடி பாத் நகருக்குப் போனார். ஜென்னர் அங்கே அவரைச் சந்தித்தார். ஆசிரியருக்கு என்ன நோய் என்பது மாணவருக்குப் புரிந்துவிட்டது.

1785 முதல் படம் தெளிவாகிறது. சிறு மேட்டில் ஏறினால் வலி, மாடிப்படி ஏறினால் வலி. இடப்பக்கத் தாடை, தொண்டை, இடது கை வழியாகக் கட்டைவிரல் மேடு வரை அது பரவும். மனக்கலக்கமும் அதே வேலையைச் செய்யும். பெரிய துயரங்கள்தான் அதைக் கிளப்பும் என்றில்லை. தேனீக்கூட்டம் ஒழுங்காகக் கூட்டுக்குள் போய்ச் சேருமோ சேராதோ என்ற பதற்றத்துக்கே ஒரு முறை வலி வந்திருக்கிறது. என்னைச் சீண்டிப் பார்க்க நினைக்கும் எந்தப் போக்கிரியின் கையிலும் என் உயிர் இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டதாகச் சொல்வார்கள். வெறும் கோபக்காரனின் பேச்சாக அதை ஒதுக்கிவிடக் கூடாது. எதனால் வலி தூண்டப்படுகிறது என்பதை நோயாளியே சரியாகச் சொல்லிவிட்ட வாக்குமூலம் அது.

கடைசி நாளில் பிரச்சினை, தகுதிச் சான்று இல்லாத இரண்டு இளம் மாணவர்களைச் சேர்த்துக்கொள்வது பற்றியது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் குறுக்கிட்டு மறுத்தார். ஹன்டர் பேச்சை நிறுத்தினார், அடுத்த அறைக்குப் போனார், ஒரு முனகலுடன் அங்கிருந்த மருத்துவரின் கையில் சாய்ந்தார். அவ்வளவுதான்.

ஜென்னர் அதற்கு முன்பே கண்டிருந்தது

கதையில் கொஞ்சம் பின்னே போக வேண்டும். வில்லியம் ஹெபர்டன் மார்பு நெரிப்பு நோயை முதன்முதலாகத் தெளிவாக விவரித்த கட்டுரை 1768இல் லண்டன் மருத்துவர் கல்லூரியில் வாசிக்கப்பட்டு 1772இல் அச்சானது. அதைப் பற்றிப் படித்த ஒருவர், எனக்கும் இதே நோய்தான், நான் இறந்தால் என் உடலை அறுத்துப் பாருங்கள் என்று பெயர் குறிப்பிடாமல் ஹெபர்டனுக்கு எழுதினார். மூன்று வாரத்துக்குள் இறந்தும் போனார். அறுத்தவர் ஹன்டர், அப்போது அவரிடம் படித்துக்கொண்டிருந்த ஜென்னருக்கும் அந்த நிகழ்வு நேரில் தெரியும். இதயத்தில் குறிப்பாக எதுவும் இல்லை என்று முடிவானது. அன்று கரோனரி தமனிகளை யாரும் திறந்து பார்க்கவில்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்ல முடியும் எனப் பிற்காலத்தில் ஜென்னர் எழுதினார். தன் உடலில் எந்த நோய் கொல்லப்போகிறதோ அதே நோயை மேசை மேல் வைத்துக்கொண்டு ஹன்டர் அதைத் தவறவிட்டிருக்கிறார்.

ஜென்னரின் அடுத்த அனுபவம் குளொஸ்டர்ஷயர் பகுதியில் டர்ஸ்லி என்ற ஊரில். இதயத்தின் முக்கியப் பகுதிகளையெல்லாம் பார்த்தாகிவிட்டது. சாவுக்குக் காரணம் கிடைக்கவில்லை. அடிப்பகுதிக்கு அருகே குறுக்காக அறுத்தபோது கத்தி கரகரவென்று எதிலோ மோதி முனை மழுங்கியது. கட்டடம் பழையது; காரை பெயர்ந்து விழுந்துவிட்டதோ என்று கூரையை அண்ணாந்து பார்த்தாராம். பிறகுதான் தெரிந்தது, கரோனரி தமனிகள் எலும்புக் குழாய்களாகியிருந்தன.

மூன்றாவது உடலைத் திறக்கும் முன், தமனி எலும்பாகியிருக்கும் என்று சக மருத்துவரிடம் பந்தயம் கட்டினார். பந்தயத்தில் முழு வெற்றி இல்லை. எலும்புக்குப் பதிலாகத் தமனிக்குள் குருத்தெலும்பு போன்ற உள்குழாய் ஒன்று உருவாகியிருந்தது. இறுக்கமான கையுறையிலிருந்து விரல் கழல்வதுபோல அது தனியே கழன்று வந்தது என்று எழுதுகிறார். தமனியின் உள்சுவரில் சேர்ந்து தடிக்கும், இன்று படிவு என்று நாம் சொல்லும் பொருளைப் பற்றி இதைவிடக் கச்சிதமான பழைய வருணனையை நான் படித்ததில்லை.

கண்டுபிடித்ததை அவர் வெளியிடவில்லை. காரணம் ஹன்டர். இதுதான் நோய் என்று வெளியே சொன்னால் ஆசிரியரின் நம்பிக்கை உடைந்துபோகும், மருந்து தேடியும் கிடைக்காது என்று அஞ்சினார். ஹன்டர் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒன்றில் ஹன்டரின் மைத்துனர் எவரார்ட் ஹோம் உள்ளிட்ட இருவரிடம் மட்டும் தன் எண்ணத்தைச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிரேதப் பரிசோதனை

அந்த ஹோம்தான் பரிசோதனை விவரத்தை எழுதியவர். அது 1794இல் வெளியான ஹன்டரின் நூலுக்கு முன்னுரையாக வந்த வாழ்க்கைக் குறிப்பில் இருக்கிறது. அந்த நூலின் பொருள் இரத்தம், அழற்சி, துப்பாக்கிக் காயம். அழற்சி, அதாவது காயத்துக்கோ நோய்க்கோ உடல் திசு காட்டும் எதிர்வினை, என்ற சொல்லை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதய உறை வழக்கத்துக்கு மாறாகத் தடித்திருந்தது. திறந்த பிறகும் தொய்ந்து விழவில்லை. இதயம் சிறியது, இருக்கும் இடத்துக்குப் பொருந்தாத அளவு சுருங்கியது. கரோனரி தமனிகள் எலும்புக் குழாய்களாகியிருந்தன. கத்திக்கு எளிதில் இசையவில்லை, குறுக்கே வெட்டிய பிறகும் வாய் மூடாமல் திறந்தே நின்றன. இடது ஆரிக்கிள் (மேலறை), வெண்ட்ரிக்கிள் (கீழறை) இவற்றின் அடிப்பரப்பில் ஏறக்குறைய ஒன்றரை அங்குலச் சதுரத்தில் இரண்டு வெளிறிய திட்டுகள். வால்வுகளில் ஆங்காங்கே சுண்ணப் படிவு. மகாதமனியின் தொடக்கம் விரிந்திருந்தது.

ஹோம் நேர்மையாளராக ஒரு காரியம் செய்தார். அறுத்துப் பார்த்த கையோடு, நீ சொன்னதுதான் சரி என்று ஜென்னருக்கு எழுதினார்.

நோயறிதல்

ஹன்டருக்குச் சிபிலிஸ் என்ற பேச்சு நெடுங்காலமாக உண்டு. 1767இல் பால்வினை நோய்ச் சீழைத் தன் உடலிலேயே ஏற்றிச் சோதித்தார் என்பது கதை. ஏற்றியது தன் மீதா வேறொருவர் மீதா என்பதே சர்ச்சைக்குரியது. மகாதமனி விரிந்திருந்தது அந்தப் பேச்சுக்குத் தீனி போடுகிறது. ஆனால் சிபிலிஸ் கரோனரி தமனியின் வாயை, அது மகாதமனியில் தொடங்கும் இடத்தை நெருக்கும். கிளைகளை நெடுகச் சுண்ணமாக்காது. மகாதமனி பற்றிய வாதம் எப்படி முடிந்தாலும் உயிரைக் குடித்தது கரோனரித் தமனித் தடிப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

1773ஆம் ஆண்டுத் தாக்குதலை இன்றைய அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் இளம் மருத்துவரிடம் சொன்னால், மேல் வயிற்று வலி, வெளிறல், நாடி இறங்குதல் மூன்றையும் கேட்டுவிட்டு முதலில் இ.சி.ஜி. எடுப்பார்; இதயத்தின் அடிச்சுவர் மாரடைப்பைத்தான் சந்தேகிப்பார். பிரேதப் பரிசோதனையில் அடிப்பரப்பில் தெரிந்த வெளிறிய திட்டு அந்த ஊகத்தோடு ஒத்துப்போகிறது. அது ஆறிய தழும்பாக இருக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு அடிச்சுவருக்கு இரத்தம் தருவது வலது கரோனரி தமனி. அந்தத் தமனி ஓடுவது வலது ஆரிக்கிளுக்கும் வெண்ட்ரிக்கிளுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில். இதயத்தின் மேல் கொழுப்பு தடிப்பாகச் சேரும் இடங்களில் அது முக்கியமானது.

கொழுப்பு என்ன செய்கிறது

இரத்தப் பரிசோதனையில் கொலஸ்டிரால் சரியாக இருக்கிறது, பிறகு எப்படி இதயத்தில் கொழுப்பு என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு. இங்கே பேசுவது இதயத் தசையின் மேல் திசுவாகவே ஒட்டியிருக்கும் கொழுப்பை. நலமான இதயத்திலும் அது இருக்கிறது. தசைக்கு எரிபொருளாகக் கொழுப்பு அமிலம் தருகிறது, தமனிக்கு மெத்தையாகிறது. இதய உறைக்கு வெளியிலும் கொழுப்பு உண்டு. அதற்கு இரத்தம் வருவது மார்புச் சுவர்ப் பக்கத்துத் தமனிகளிலிருந்து. உறைக்கு உள்ளே இருப்பதற்கோ கரோனரி தமனியின் கிளைகளே சோறு போடுகின்றன. உள்ளே இருக்கும் கொழுப்புக்கும் தசைக்கும் நடுவே, கொழுப்புக்கும் தமனியின் வெளிச்சுவருக்கும் நடுவே, எந்தச் சவ்வுத் தடுப்பும் இல்லை. ஒன்றில் சுரப்பது மற்றொன்றுக்குள் நேரே போய்ச் சேரலாம்.

இந்த அமைப்பு தெரிந்திருந்தும் கொழுப்பின் மீது சந்தேகம் எழ நெடுநாள் ஆனது. 2003இல் இரண்டு காரியங்கள் நடந்தன. வலது வெண்ட்ரிக்கிளின் முன்சுவர் மேல் உள்ள கொழுப்பின் தடிமனைச் ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் சாதாரண எக்கோ கருவியிலேயே அளக்கலாம் என்று இத்தாலிய ஆய்வாளர் ஜான்லூகா இயாகோபெல்லிஸும் சகாக்களும் காட்டினார்கள். அதே ஆண்டு மசூரெக் என்பவரின் குழு, பைபாஸ் அறுவைக்கு வந்த 42 பேரிடமிருந்து இரண்டு துணுக்குக் கொழுப்பு எடுத்தது: ஒன்று இதயத்தின் மேலிருந்து, மற்றொன்று காலின் தோலடியிலிருந்து. ஒரே மனிதரின் இரண்டு கொழுப்பு. இதயத்துக் கொழுப்பில் இன்டர்லூகின்-6 உள்ளிட்ட அழற்சிப் பொருட்கள் வெகு அதிகம். நோயாளி பருமனா ஒல்லியா, நீரிழிவு உண்டா இல்லையா, கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா இல்லையா என்பதெல்லாம் இந்த வேறுபாட்டை மாற்றவில்லை. ஹன்டரின் நூல் அழற்சியைப் பற்றியது என்று மேலே சொன்னதை இங்கே சேர்த்துப் படிக்கலாம். தன் தமனியைச் சுற்றி அது நடந்திருக்கக்கூடும் என்று நினைக்க அவருக்கு வழியே இல்லை.

இன்னொரு சான்றும் கொழுப்புக்கு எதிராக வைக்கப்படுகிறது. சிலருக்கு இடது முன் தமனியின் ஒரு பகுதி மேற்பரப்பை விட்டுத் தசைக்குள் புகுந்து மீண்டும் வெளியே வரும். கொழுப்பு சூழாத அந்தப் பகுதியில் படிவு அரிதாகவே உண்டாகிறது. அதற்குச் சற்று முன்னால் உள்ள பகுதியில் உண்டாகிறது. கேட்பதற்குக் குற்றத்தை நிரூபித்துவிட்டதுபோல இருக்கும். நான் இதை அவ்வளவு நம்புவதில்லை. தசை ஒவ்வொரு துடிப்பிலும் அந்தப் பகுதியை நெரிக்கிறது; உள்ளே இரத்த ஓட்டத்தின் உராய்வே வேறு. எது காப்பாற்றியது என்பதை இதை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

பன்றிச் சோதனை அதைவிட நேரடியானது. அமெரிக்காவின் ஜார்ஜியா கரையோரத்தில் உள்ள ஒசபா தீவுப் பன்றிகளுக்கு எளிதில் வளர்சிதைக் கோளாறு வரும். அவற்றின் இடது முன் தமனியை ஒட்டியிருந்த கொழுப்பை ஒரு பகுதியில் மட்டும் அறுத்தெடுத்துவிட்டுக் கொழுப்பு மிகுந்த உணவைத் தொடர்ந்தார்கள். நீக்கிய இடத்தில் படிவு வளரும் வேகம் குறைந்தது. 2014இல் வெளியான இந்த முடிவு சிறு எண்ணிக்கையிலான விலங்குகளில் கண்டது. என்றாலும் கொழுப்பு வெறும் சாட்சி அல்ல என்பதற்கு இதைவிட வெளிப்படையான சோதனை இதுவரை என் கண்ணில் படவில்லை.

அளவா, குணமா

ஜென்னர் பார்த்தது அளவை. அந்தப் பார்வை இன்றும் செல்லுபடியாகிறது. ஜெர்மனியின் ரூர் பகுதியில் எஸன், போகும், முல்ஹைம் நகரங்களைச் சேர்ந்த 4,093 பேரைச் சி.டி. ஸ்கேன் எடுத்து எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 130 பேருக்கு மாரடைப்போ இதயத் தமனி நோயால் மரணமோ நேர்ந்தது. இதயக் கொழுப்பின் கன அளவு இரு மடங்கானால் ஆபத்து ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வழக்கமான ஆபத்துக் காரணிகளையும் தமனிச் சுண்ணத்தையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. 2013இல் வந்த முடிவு இது.

ஆனால் நம் நோயாளிக்கு இந்தக் கணக்கு பொருந்தவில்லை. அவருடைய இதயம் கொழுப்பு அப்பிப் பருத்ததாக இல்லை, சுருங்கியதாக இருந்தது. கொழுத்த இதயம் என்ற ஜென்னரின் பொதுவிதி அவருடைய ஆசிரியரிடமே இடறுகிறது. ஒரே விதிவிலக்கு விதியை உடைக்காது என்று தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தள்ள மனமில்லை. ஒல்லியானவர்களுக்கும் கரோனரி நோய் வருவதை அன்றாடம் பார்க்கும் நாட்டில் இருந்துகொண்டு அளவை மட்டும் நம்பிப் பேசுவது சரியாகாது.

ஆக்ஸ்ஃபோர்டில் சாரலாம்போஸ் அன்டோனியாடெஸ் குழு எடுத்த வழி வேறு. கொழுப்பு எவ்வளவு என்று அவர்கள் கேட்கவில்லை. தமனியை ஒட்டியுள்ள கொழுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். சி.டி. படத்தில் தண்ணீரின் அடர்த்தி பூஜ்யம் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு; கொழுப்பு −190 முதல் −30 வரை. தமனிச் சுவரில் அழற்சி எழும்போது அதிலிருந்து கசியும் பொருட்கள் பக்கத்துக் கொழுப்புச் செல்களை முதிரவிடாமல் தடுக்கின்றன. செல் சிறுக்கிறது, எண்ணெய் குறைகிறது, நீர் கூடுகிறது, எண் பூஜ்யத்தை நோக்கி நகர்கிறது. 2017இல் இந்த நுட்பத்தை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு ஜெர்மனியின் எர்லாங்கனில் 1,872 பேரிடமும் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் 2,040 பேரிடமும் சோதித்தபோது, அந்த எண் −70.1 என்ற எல்லையைத் தாண்டிப் பூஜ்யத்தின் பக்கம் போனவர்களிடையே இதயநோய் மரணம் பல மடங்கு அதிகமாக இருந்தது. அளவிட்ட இடம் வலது கரோனரி தமனியின் தொடக்கப் பகுதி. ஹன்டரின் அடிச்சுவர்த் தழும்புக்கு நான் காரணம் சொன்ன அதே தமனி.

இதனால் மாறுவது கொழுப்புக்கும் தமனிக்கும் உள்ள உறவின் திசை. கொழுப்பிலிருந்து அழற்சி தமனிக்குப் போகிறது என்று மசூரெக் குழுவின் முடிவைப் படித்தவர்கள் சொன்னார்கள். தமனியிலிருந்து செய்தி கொழுப்புக்குப் போகிறது என்று ஆக்ஸ்ஃபோர்டு காட்டியது. நடுவே தடுப்பு இல்லாத இரண்டு திசுக்கள், போக்குவரத்து இருபுறமும் நடக்கிறது. ஒருவர் குற்றவாளி, மற்றவர் அப்பாவி என்று தீர்ப்பெழுத அவசரப்படுபவர்கள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

ஹன்டரின் தமனிகள் முற்றிலும் சுண்ணமாகியிருந்தன என்பதையும் மறக்கக் கூடாது. சுண்ணம் பெரும்பாலும் பழைய காயத்தின் தடம். 1793இல் ஸ்கேன் எடுத்திருந்தால் சுண்ணக் கணக்கு உச்சத்தில் இருந்திருக்கும். கொழுப்பின் எண் ஓரளவு அமைதியாகக்கூட இருந்திருக்கலாம். அதே ஸ்கேன் 1772இல், முதல் வலிக்கு முந்தைய ஆண்டில், எடுக்கப்பட்டிருந்தால் சுண்ணம் குறைவாகவும் கொழுப்பின் எண் அழற்சியைக் காட்டிச் சூடாகவும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். நோயைத் தடுப்பதற்குப் பயன்படுவது இரண்டாவது படம்தான்.

சிகிச்சை பற்றி

ஹன்டருக்கு அன்று கிடைத்தது அபினியும் ஊற்று நீர்க் குளியலும் ஓய்வும். இன்றைக்கு இதே நோயாளிக்கு ஆஸ்பிரினும் ஸ்டேட்டினும் தொடங்கி, ஆஞ்சியோகிராம் செய்து, ஸ்டென்ட் அல்லது பைபாஸ் வரை போயிருப்போம். கொழுப்பைப் பொறுத்தவரை, உடல் எடை குறைந்தால் இதயத்துக் கொழுப்பும் குறைகிறது. லிராகுளுடைட் என்ற ஊசி மருந்தை மெட்ஃபார்மினோடு சேர்த்துப் பெற்ற நீரிழிவு நோயாளிகளுக்கு ஆறு மாதத்தில் அந்தத் தடிமன் 9.6 மில்லிமீட்டரிலிருந்து 6.2 ஆக இறங்கியது. 2017இல் இயாகோபெல்லிஸ் குழு வெளியிட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த செமாகுளுடைட், நீரிழிவு இல்லாத பருமனான இதய நோயாளிகள் 17,604 பேரிடம் நடந்த ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றையும் சேர்த்து ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. இரண்டையும் ஒட்டவைத்து, இதயக் கொழுப்பு கரைந்ததால்தான் மாரடைப்பு குறைந்தது என்று விளம்பரம் எழுதிவிடலாம். அது நிரூபிக்கப்பட்ட செய்தி அல்ல. எடை, சர்க்கரை, இரத்த அழுத்தம், அழற்சி எல்லாமே அந்த மருந்தால் மாறுகின்றன.

எக்கோ அறிக்கையில் கொழுப்பின் தடிமன் கூடுதல் என்று ஒரு வரி இருந்தால் அதற்கென்று தனி மாத்திரை எதையும் எழுத வேண்டியதில்லை. சர்க்கரையும் இடுப்புச் சுற்றளவும் மீண்டும் பார்க்கப்பட வேண்டும். மேடேறும்போது நெஞ்சிலோ தாடையிலோ மேல் வயிற்றிலோ ஏதாவது வருகிறதா என்று நோயாளியிடம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

பிரிட்டனில் எட்டு மருத்துவமனைகளில் கரோனரி சி.டி. எடுத்துக்கொண்ட 40,091 பேரின் விவரம் 2024இல் வெளியானது. பெரிய அடைப்பு இருந்தவர்கள் ஐந்தில் ஒருவர்தான். பின்னர் நேர்ந்த இதயப் பாதிப்புகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பெரிய அடைப்பு இல்லை என்று அறிக்கை பெற்றவர்களிடையே நிகழ்ந்தன. அந்த அறிக்கைகள் தமனியின் உள்விட்டத்தை மட்டும் பார்த்தவை. சுற்றியிருந்த கொழுப்பு அதே படத்தில்தான் இருந்தது, படித்துச் சொல்ல ஆளில்லை.